இன்ஜினைப் பிரிச்சிருக்காங்களா?

மெக்கானிக் அண்ணன் வண்டியைச் சுற்றிவரவில்லை. கதவைத் திறக்கவில்லை, கீழே குனிந்து ஒழுகலைத் தேடவில்லை. நேராகப் போய் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஐந்து விநாடி இருக்கும். கையை எடுத்துத் தோளில் கிடந்த துணியில் துடைத்துக்கொண்டு, விற்க வந்தவரிடம் சொன்னார்: “நாளைக்குக் காலைல வர்றோமுங்க. நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாம வெச்சிருங்க.”

என் அக்கா மகனுக்கு முகம் தொங்கிவிட்டது. மூன்று வாரமாக விளம்பரங்களில் மேய்ந்து அவன் கண்டுபிடித்த வண்டி அது. 2002 மாடல் ஹோண்டா சிட்டி விடெக். 1,493 சிசி, 106 குதிரைசக்தி. அந்தக் காலத்தில் பையன்களைக் கிறங்கடித்த கார். இரண்டு முறை புதுப்பித்த ஆர்.சி., சுமாரான பெயின்ட், கிழிந்த சீட். ஆனால் விளம்பரத்தில் இருந்த ஒரு வரிதான் அவனை இழுத்தது: ‘இன்ஜின் உள்ளே ஸ்டேஜ் 2 வேலை. ஃபோர்ஜ்டு பிஸ்டன், கேம், ஹெட் ஒர்க்.’ அந்த ஒரு வரிக்காகவே விலையில் ஒன்றரை லட்சம் ஏற்றியிருந்தார்கள்.

திரும்பி வரும் வழியில்தான் அண்ணன் காரணம் சொன்னார். “ஃபோர்ஜ்டு பிஸ்டன்னு சொல்றாரு. அப்படீன்னா காலைல மொத ஸ்டார்ட்டுல அது தட்டணும். நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வெச்சுட்டா நான் எதைக் கேக்கறது?”

விஷயம் இதுதான். கம்பெனி கார்களில் பெரும்பாலும் இருப்பது வார்ப்புப் பிஸ்டன். அதன் அலுமினியக் கலவையில் சிலிக்கான் அதிகம். சூட்டில் அதிகம் விரியாது என்பதால் சிலிண்டர் சுவரை ஒட்டியே அதை வைக்க முடியும். பந்தயத்துக்காக அடித்துச் செய்யும் ஃபோர்ஜ்டு பிஸ்டன்களில் பல, சிலிக்கான் குறைந்த கலவை. அடி தாங்கும், ஆனால் அதிகம் விரியும். அதனால் குளிர்ந்த நிலையில் கூடுதல் இடைவெளி விட்டுத்தான் பூட்டுவார்கள். காலையில் சாவியைத் திருப்பினால் அந்த இடைவெளிக்குள் பிஸ்டன் ஆடிச் சுவரில் தட்டும். சில நிமிடங்களில் சூடேறி விரிந்ததும் சத்தம் அடங்கிவிடும்.

தேய்ந்துபோன இன்ஜினும் காலையில் இதே மாதிரிதான் தட்டும். இதை அவர் அப்போது சொல்லவில்லை. மறுநாள் காலைக்காக வைத்திருந்தார்.

சொல்லாத பொய், சொல்லும் பொய்

பழைய கார் சந்தையில் இன்ஜினின் உட்புறத்தைப் பற்றி இரண்டு விதமாகப் பொய் சொல்கிறார்கள். இன்ஜினை இறக்கிப் பிரித்து போர் அடித்து, கிராங்க் கிரைண்டிங் செய்து மூடிவிட்டு, ‘கைபடாத இன்ஜின்’ என்று சொல்வது ஒன்று. எதையுமே தொடாமல், அல்லது பழுதுக்காகத் தொட்டுவிட்டு, ‘உள்ளே எல்லாம் ரேஸ் சாமான்’ என்று சொல்வது இன்னொன்று. ராலியில் ஓடிக் களைத்த இன்ஜினை ஒன்றும் தெரியாத குடும்பக் காரைப் போலக் காட்டி விற்பது என்று மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. எல்லோரும் பயப்படுவது இந்த மூன்றாவதுக்கு. ஆனால் நான் பார்த்த வரையில் அது அபூர்வம். காசு கொட்டி இன்ஜினுக்குள் வேலை செய்தவன் அதை மறைத்துக் குறைந்த விலைக்கு விற்க மாட்டான்; ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் விற்பான். ஊரை ஏமாற்றுவது முதல் வகைதான். அதற்கு ‘மாடிஃபிகேஷன்’ என்று யாரும் பெயர் வைப்பதில்லை, அவ்வளவுதான்.

சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் போய், ஹெட் வளைந்து, லேத் பட்டறையில் அரை மில்லிமீட்டர் சீவி எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டறைக்காரருக்கு அது வெறும் ‘ஃபேஸிங்’. ஆனால் சிலிண்டருக்கு 265 சிசி, கம்ப்ரஷன் விகிதம் 9-க்கு 1 இருக்கிற சிறிய இன்ஜினில் எரிப்பறையின் கொள்ளளவு 33 சிசிதான். அரை மில்லிமீட்டர் சீவினால் அதில் ஒன்றரை சிசிக்கு மேல் போய்விடும். விகிதம் 9.4 பக்கம் ஏறும். பந்தயக்காரன் ஆசைப்பட்டுச் செய்கிற வேலையை இங்கே கூலன்ட் ஊற்ற மறந்தவன் செய்துவிட்டான். அடுத்து வாங்குகிறவர் வெயில் காலத்தில் மேட்டில் ஏறும்போது ‘கிலிங் கிலிங்’ என்று நாக்கிங் கேட்டுப் பெட்ரோல் பங்க்காரரைத் திட்டுவார்.

பம்பும் பந்தயமும்

விற்க வந்தவரின் பேச்சை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாததற்கு ஒரு காரணம், இது கோயம்புத்தூர் என்பது. ஆலைகளும் பம்ப் மோட்டார்களும் வளர்த்த ஊர். தெருவுக்குத் தெரு வார்ப்பட ஆலை, லேத் பட்டறை, நூறில் ஒரு மில்லிமீட்டரைக் கையால் தடவியே சொல்லிவிடும் ஆட்கள். மோட்டார் பந்தயம் இங்கே வேர்விட்டதற்கும் இதுதான் அடித்தளம். லட்சுமி மில்ஸ் குடும்பத்துக் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கிய ஊர் இது. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்க்காரர்தான். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பழைய சிட்டிக்குள் ஃபோர்ஜ்டு பிஸ்டன் இருப்பது நடக்காத காரியம் இல்லை. அதனால்தான் அந்தப் பொய் இங்கே நன்றாக விலைபோகிறது.

எங்கள் அண்ணனும் அந்த வழியில் வந்தவர்தான். சென்னைக்கு அருகே சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்த நாட்களில், வயது பதினெட்டு கூட நிறையாமல் ஸ்பேனர் பிடித்தவர். பந்தயம் முடிந்ததும் நடக்கும் ‘ஸ்க்ரூட்டினி’யைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அவருக்கு நேரம் போவதே தெரியாது. ஜெயித்தவனின் இன்ஜினில் சந்தேகம் என்றால், தொழில்நுட்ப அதிகாரி கண்ணெதிரே ஹெட்டைக் கழற்றச் சொல்வார். போரின் விட்டம், ஸ்ட்ரோக்கின் நீளம் இரண்டையும் அளப்பார்கள். அதிகாரி வைத்த ஈய சீல் அறுந்திருந்தால் அளவெடுக்கவே தேவையில்லை, வெளியே போகலாம்.

பிரிக்காமலே அளப்பதற்கும் கருவிகள் உண்டு. அமெரிக்கப் பந்தயங்களில் ‘விசிலர்’ என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்பார்க் பிளக் துளையில் மாட்டிக் காற்றை ஊதினால், எரிப்பறை எழுப்பும் ஒலியின் சுருதியை வைத்துக் கம்ப்ரஷன் விகிதத்தைச் சொல்லிவிடும். காலி சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு சத்தம், பாதி நிரம்பிய பாட்டிலில் ஊதினால் இன்னொரு சத்தம் வருகிறதே, அதே சங்கதிதான். இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் சிரித்தார். “நல்லா இருக்குதுங்க. நம்மகிட்ட அது இல்லை. கம்பிதான் இருக்குது” என்றார். அந்தக் கம்பியைப் பற்றிப் பிறகு.

மறுநாள் காலை ஏழு மணி

பானெட் ஜில்லென்று இருந்தது. ஆனாலும் அவர் சாவியைக் கேட்கவில்லை. முதலில் ஆர்.சி.யைக் கேட்டார்.

இன்ஜின் எண்ணைப் பார்த்துச் சரிபார்ப்பது எல்லோரும் செய்வதுதான். எண்ணைவிட, அதைப் பொறித்திருந்த தளத்தைத்தான் அவர் அதிக நேரம் பார்த்தார். எண் இருக்கும் இடத்தில் கைக் கிரைண்டர் ஓடிய கோடுகள் இருந்தால் அது வேறு இன்ஜினாக இருக்கலாம். எழுத்துகளின் வரிசை ஆடியிருந்தால் கைப்பஞ்சு. பழைய இன்ஜின் வீணாகி, பழைய இரும்புக் கடையிலிருந்து ‘ஆஃப் இன்ஜின்’ வாங்கிப் போடும் வழக்கம் நம் ஊரில் நன்றாகவே இருக்கிறது. அப்படிப் போட்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் பழைய எண்ணைப் புது பிளாக்கில் பஞ்ச் செய்தால் அது சாதாரண மறைப்பு அல்ல, குற்றம்.

இதில் சட்டம் கறாராகத்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களோடு ஆர்.சி. முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஆனால் ஆர்.சி.யில் பிஸ்டனுக்கு ஒரு கட்டம் கிடையாது, கேம்ஷாஃப்டுக்கும் கிடையாது. உள்ளே மாற்றியதைச் சாலையில் யாரும் பிடிக்கப்போவதில்லை. பெரிய விபத்துக்குப் பிறகு, இன்ஷூரன்ஸ் சர்வேயர் வண்டியைப் பிரித்துப் பார்க்கும் நாளில்தான் அது வெளியே வரும்.

அடுத்தது போல்ட்டுகள். கம்பெனியில் முறுக்கிய போல்ட்டுகளின் தலையில் பெரும்பாலும் ஒரு பெயின்ட் புள்ளியோ கோடோ இருக்கும். ஸ்பேனர் பட்டால் அது உடையும், அறுகோணத்தின் முனைகள் பளபளக்கும். ஆயில் சம்ப் விளிம்பில் பிதுங்கி நிற்கும் சீலன்ட்டின் நிறத்தைப் பார்த்தார். கம்பெனி சீலன்ட் மெல்லிய நூலாகச் சீராக இருக்கும். நம் பட்டறை சீலன்ட், கல்யாண வீட்டில் சந்தனம் பூசியதுபோல் தாராளமாக. அந்தச் சிட்டியின் சம்ப்பைச் சுற்றிக் கருஞ்சாம்பல் நிறத்தில் அது வழிந்து உறைந்திருந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். சம்ப் இறங்கியிருக்கிறது. ஏன் இறங்கியது என்பதை மட்டும் சீலன்ட் சொல்லாது.

பிறகுதான் சாவி.

ஸ்டார்ட் ஆனதும் தட்டியது. தெளிவாக, மெதுவாக, இன்ஜினின் கீழ்ப்பகுதிக்குச் சற்று மேலே. அக்கா மகன் என் கையைக் கிள்ளினான். “மாமா, ஃபோர்ஜ்டு!” விற்க வந்தவர் பெருமையாகத் தலையாட்டினார். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். மூன்று நிமிடம், ஐந்து, எட்டு. சத்தம் குறைந்தது, ஆனால் முழுக்க அடங்கவில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, துளைக்கு மேல் கையைப் பிடித்தார். லேசான மூச்சுதான் வந்தது, பலமான ‘பேக் கம்ப்ரஷன்’ இல்லை. ஆக, ரிங்குகள் ஏறக்குறைய நலம். அப்படியானால் தட்டுவது எது?

எண் சொல்வதும் சொல்லாததும்

கம்ப்ரஷன் கேஜ் எடுத்தார். பெட்ரோல் இன்ஜினில் நல்ல நிலையில் 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை காட்டலாம். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் சிறிதாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். சோதிக்கும் முறையிலேயே ஏமாறலாம். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், பேட்டரி திடமாக இருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தாவிட்டால் உள்ளே போகக் காற்றே இருக்காது. தேய்ந்த இன்ஜினின் பிளக் துளையில் ஒரு மூடி ஆயில் ஊற்றிவிட்டால் எண் ஏறிவிடும் என்பது விற்பவர்களில் சிலருக்கும் தெரியும்.

185, 180, 185, 180. நான்கும் ஒழுங்கு. கம்பெனி இன்ஜினில் எதிர்பார்க்கிற எண்.

“ஹை கம்ப்ரஷன் பிஸ்டன்னு சொன்னீங்களே, இது கம்பெனி நம்பர் மாதிரி இருக்குதுங்களே?” என்றார் அண்ணன். விற்க வந்தவரும் விவரமானவர்தான், தயாராகப் பதில் வைத்திருந்தார். “கேம் பெருசுங்ணா. இன்டேக் வால்வு லேட்டா மூடும். அதனால கிராங்க் பண்ணும்போது கேஜ்ல கம்மியாத்தான் காட்டும்.”

இங்கேதான் எனக்கு விஷயம் சுவாரசியமானது, ஏனென்றால் அவர் சொன்னது சரி. நீளமான கேம் போட்டால் பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு திறந்தே இருக்கும். மெதுவாகச் சுற்றும்போது உள்ளே போன காற்றில் கொஞ்சம் வந்த வழியே திரும்பிவிடும். கேஜ் குறைவாகக் காட்டும். உயர்ந்த விகிதப் பிஸ்டனும் நீளமான கேமும் சேர்ந்து ஒன்றையொன்று சரிக்கட்டி, கம்பெனி எண்ணையே காட்டலாம். ஒரே ஒரு சோதனையை நம்பி ‘மாற்றவில்லை’ என்று தீர்ப்பு எழுதுகிறவர் இந்த இடத்தில் கவிழ்ந்துவிடுவார்.

பெரிய கேம் என்றால் ஐடிலில் தெரியும். வாக்குவம் கேஜை மேனிஃபோல்டில் மாட்டினால், ஆரோக்கியமான இன்ஜினில் பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலம் வரை முள் ஆடாமல் நிற்கும். பந்தயக் கேம் என்றால் முள் கீழே இறங்கும், நடுங்கும். சிட்டியில் 19-ல் ஆணி அடித்ததுபோல் நின்றது. அக்கா மகனின் முகம் மறுபடி தொங்கியது.

“விடெக் ஆச்சேங்ணா” என்றார் விற்க வந்தவர், விடாமல். அதுவும் சரிதான்! விடெக் இன்ஜினில் இன்டேக் வால்வுகளுக்கு இரண்டு விதக் கேம் முனைகள். குறைந்த வேகத்தில் சாதுவான முனைகள் வேலை செய்யும். வேகம் ஏறினால் ஆயில் அழுத்தத்தில் ஒரு ஊசி நகர்ந்து, நடுவில் இருக்கும் முரட்டு முனையோடு ராக்கர்களைப் பூட்டும். முரட்டு முனையை மட்டும் மாற்றியிருந்தால் ஐடிலில் எந்த வித்தியாசமும் தெரியாது. கேம்ஷாஃப்டைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும்.

அண்ணன் டேப்பெட் கவரைக் கழற்ற அனுமதி கேட்டார். விற்க வந்தவர் தயங்காமல் ஒத்துக்கொண்டார். அவர் பொய்யர் இல்லை என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது அப்போதுதான்.

உள்ளே தேன் நிறத்தில் ஆண்டாண்டு ஆயிலின் படிவம். கேமின் முனைகளைத் திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்தார். வெளிநாட்டிலிருந்து வாங்கிப் போட்ட கேம் என்றால் அதன் மேல் தயாரித்தவரின் குறியீடு இருக்கும். உள்ளூர்ப் பட்டறையில் பழைய கேமையே அரைத்து வடிவம் மாற்றியிருந்தால் அதன் அடிவட்டம் சிறுத்திருக்கும், அந்தக் குறைவை ஈடுகட்ட டேப்பெட் திருகுகள் வழக்கத்தைவிட நீளமாகக் கீழே இறங்கியிருக்கும். திருகுகளின் தலைகள் பதினாறும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில், பழைய கறையோடு நின்றன. டயல் கேஜ் வைத்து வால்வின் ஏற்றத்தையும் அளந்து முடித்தார். “கேம் கம்பெனி கேமுங்க” என்றார். விற்க வந்தவர் கையில் இருந்த டீ ஆறிப்போயிருந்தது.

கம்பி

அண்ணனின் கம்பி என்று சொன்னேனே, அது ஒரு பழைய சைக்கிள் ஸ்போக்கைவிடச் சற்றுத் தடித்த, நேரான பித்தளைக் கம்பி. ஒவ்வொரு பிளக் துளையிலும் அதை இறக்கி, இன்ஜினைக் கையால் சுற்றி, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது கம்பி எவ்வளவு வெளியே நிற்கிறது என்று கீறிக்கொள்வார். துளை சாய்ந்திருந்தால் ஸ்ட்ரோக்கைத் துல்லியமாக அளக்க இது போதாது. நான்கு சிலிண்டர்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடப் போதும்.

இந்தப் பழக்கம் அவருக்கு வந்தது 2015 டிசம்பருக்குப் பிறகு. சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் அடுத்த சில மாதங்களில் தமிழ்நாடு முழுக்க வலம்வந்தன. தண்ணீரில் நின்ற காரை யாராவது ஆர்வத்தில் ஸ்டார்ட் செய்தால், இன்டேக் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. பிஸ்டன் பாதி வழியில் முட்டி நிற்க, கனெக்டிங் ராடு வளையும். சில வண்டிகளில் ராடு லேசாக மட்டும் வளைந்து, இன்ஜின் ஓடவும் செய்யும். ஆனால் அந்தச் சிலிண்டரில் பிஸ்டன் உச்சிவரை ஏறாது. கம்பியில் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் குறையும். கம்ப்ரஷனும் அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் இறங்கும். சீட்டைப் புதுத் துணியில் தைத்து, தரைவிரிப்பை மாற்றி, வாசனை அடித்து விற்றாலும் அந்த ஒரு மில்லிமீட்டரை மட்டும் யாராலும் துடைக்க முடியவில்லை.

சிட்டியில் நான்கு கீறலும் ஒரே இடத்தில் விழுந்தன.

உள்ளே ஒரு கண்

கடைசியாக அக்கா மகன் தன் பையிலிருந்து எடுத்தான், செல்போனில் மாட்டும் மெல்லிய கேமரா. ஐந்தரை மில்லிமீட்டர் தடிமன். பிளக் துளை 14 மில்லிமீட்டர். அண்ணனுக்கு இதில் நம்பிக்கை குறைவு. “டாக்டரு விடற டியூப் மாதிரி” என்று கிண்டல் செய்தார். ஆனால் அவர்தான் முதலில் திரையை நெருங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

சிலிண்டர் சுவரில் குறுக்கு நெடுக்காக மெல்லிய கோடுகள் தெரிந்தன, பாய் பின்னியதுபோல. ஹோனிங் கல் ஓடிய தடம். இதைப் பார்த்ததும் ‘புதுசாப் போர் அடிச்சிருக்காங்க’ என்று சிலர் சொல்லிவிடுவார்கள். அவசரம். நல்ல ஆயிலில் ஓடிய கம்பெனி இன்ஜினில் லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகும் அந்தக் கோடுகள் இருக்கும். சாட்சி பிஸ்டனின் தலையில் இருக்கிறது. பந்தயப் பிஸ்டன் என்றால் தலை எந்திரத்தில் கடைந்ததாக இருக்கும்: வால்வுக்காக வெட்டிய குழிகளின் ஓரம் கூர்மையாக, வட்ட வட்டமாகக் கருவி ஓடிய ரேகைகளோடு. வார்ப்புப் பிஸ்டன் என்றால் ஓரங்கள் மழுங்கி, தோல் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும்.

எங்களுக்குத் தெரிந்தது கரி மட்டும். கரி கரைக்கும் திரவத்தை இரண்டு சொட்டு விட்டு, டீ குடித்துவிட்டு வந்து, நீளக் குச்சியில் துணி சுற்றித் துடைத்தான். மறுபடி கேமரா. மழுங்கிய ஓரங்கள். சொரசொரப்பான தோல். அதன் நடுவே, தலைகீழாக, மூன்று இலக்கங்கள்.

0.50.

யாரும் சிறிது நேரம் பேசவில்லை. பிஸ்டனின் தலையில் ‘எஸ்டிடி’ என்று இருந்தால் கம்பெனி அளவு. 0.50 என்றால் அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ். தேய்ந்தோ கீறலாகியோ போன சிலிண்டரை லேத்தில் அரை மில்லிமீட்டர் பெரிதாக்கி, அதற்குத் தக்க பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். இன்ஜின் முழுக்கப் பிரிந்திருக்கிறது. ஆனால் வேகத்துக்காக இல்லை, பிழைப்பதற்காக. காலையில் தட்டியதற்கும் விடை கிடைத்துவிட்டது. போர் அடித்தவர் பிஸ்டனுக்கு விட்ட இடைவெளி ஒரு நூல் கூடிப்போயிருக்கிறது.

விற்க வந்தவர் அங்கேயே நின்று, தனக்கு இந்த வண்டியை விற்றவருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் நாங்களும் கேட்டோம். ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, தெரியாமல் ஓட்டி, சிலிண்டர் கீறலாகி, போர் அடித்து, ஹெட் ஃபேஸிங் பார்த்தது எல்லாம் வந்தது. “ஹெட்டு வேலை பாத்தோம், புதுப் பிஸ்டன் போட்டோம்னுதானே சொன்னேன்” என்றார் அந்தக் குரல். அதுவே அடுத்த கையில் ‘ஹெட் ஒர்க்’ ஆகி, ‘ஸ்டேஜ் 2’ ஆகி, விளம்பரத்தில் ஒன்றரை லட்சமாகியிருக்கிறது. யாருமே முழுப் பொய் சொல்லவில்லை.

இப்போதைய வண்டிகள்

இவ்வளவு சிரமம் பழைய பெட்ரோல் காருக்குத்தான். டர்போ டீசல் வந்த பிறகு, இன்ஜினுக்குள் கைவைக்காமலே சக்தியைக் கூட்டலாம். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவின் மேப்பை மடிக்கணினியில் மாற்றினால் போதும். ஃபியட் உருவாக்கி மாருதி, டாடா என்று எல்லோரும் பயன்படுத்திய 1,248 சிசி மல்டிஜெட்டே அதற்கு உதாரணம். ஒரே இன்ஜின், டர்போவும் அமைப்பும் மாறியதில் ஒரு காரில் 75 குதிரைசக்தி, இன்னொன்றில் 90. இந்த வகை வண்டி வாங்குகிறவர் ஸ்கேனரை ஓபிடி சாக்கெட்டில் மாட்டி, ஈசியூவின் கேலிபரேஷன் எண்ணையும் அதன் சரிபார்ப்பு எண்ணையும் படித்து, அதே மாடலின் கைபடாத வண்டி ஒன்றோடு ஒப்பிடலாம். எல்லா வண்டியும் இதைக் காட்டாது. காட்டினாலும், விற்கும் முன் கம்பெனி மேப்பைத் திரும்ப ஏற்றிவிட்டுக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அப்போது கிளட்ச்சைத்தான் கேட்க வேண்டும். கூடுதல் முறுக்கத்தை மாதக்கணக்கில் தாங்கிய கிளட்ச், மூன்றாம் கியரில் மேட்டில் அழுத்தினால் வழுக்கும்.

டெல்லியில் பத்து ஆண்டு தாண்டிய டீசல் கார்களை ஓட்டத் தடை வந்த பிறகு, அங்கிருந்து தெற்கே வரும் வண்டிகளின் விலை மலிவு. கிலோமீட்டரும் ஆச்சரியமாகக் குறைவாக இருக்கும். ஓடோமீட்டரைப் பற்றி இங்கே எழுதத் தொடங்கினால் அது இன்னொரு கட்டுரை ஆகிவிடும்.

எத்தனை சிசி?

பேரம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டே நடந்தது. ஒன்றரை லட்சம் ‘ஸ்டேஜ் 2’ விலை முழுக்க இறங்கியது, போர் அடித்த இன்ஜின் என்பதற்காக இன்னும் கொஞ்சமும் இறங்கியது. பழைய உரிமையாளர் பட்டறை பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நாலு சிலிண்டர் போர், ஹோனிங், ஹெட் ஃபேஸிங், பிஸ்டன் செட் 0.50. பென்சிலில் எழுதிய பில். அண்ணன் அதைத்தான் அன்று பார்த்த எல்லாவற்றையும்விட அதிகம் மதித்தார். “தட்டுறது தட்டட்டுங்க, ஆயிலக் கவனிச்சுக்கிட்டா ரொம்ப நாள் ஓடும்” என்றார்.

அக்கா மகன் வாங்கிவிட்டான். ஃபோர்ஜ்டு பிஸ்டன் கனவு போனதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். வீட்டுக்கு வரும் வழியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு போனில் கணக்குப் போட்டான். கம்பெனி போர் 75 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 84.5. இப்போது போர் 75.5. வர்க்கம், பை, நான்கு சிலிண்டர்.

“மாமா, 1,513 சிசி வருது!”

1,500-ஐத் தாண்டினால் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தில் அடுத்த படிக்குப் போய்விடும். அதைச் சொன்னதும் அவன் ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தான். 1,493. பின் சீட்டில் கண்மூடிச் சாய்ந்திருந்த அண்ணன், கண்ணைத் திறக்காமலே கேட்டார்: “அதுல எவ்வளவு போட்டிருக்குது?”

“1,493-ண்ணா.”

“அப்ப 1,493-தானுங்க. ஓட்டுங்க.”